காற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள்

சிலாங்கூர் மாநிலத்து ஜெஞ்சாரோமில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் வண்டி இரண்டு பக்கங்களில் ஒன்றில் திரும்பும். தெற்கே போனால் பந்திங் மருத்துவமனை. வடக்கே போனால் 1985 முதல் இயங்கிவரும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. அறுவைச் சிகிச்சைக் கூடம், தீவிரச் சிகிச்சைப் பிரிவு, பிரசவ வார்டு, ரத்த வங்கி, பிணவறை என்று அங்கே எதற்கும் இரவு கிடையாது. நள்ளிரவில் அலுவலகக் கட்டடங்கள் இருண்டு கிடக்கும்போதும் மருத்துவமனையின் மின் மீட்டர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

நூறாண்டுக்கு முன் இதே கோல லங்காட் வட்டாரத்தில் காய்ச்சலில் சுருண்டு விழுந்த தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது வேறு மாதிரி ஆஸ்பத்திரி. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை அல்லது அத்தாப்பு, வரிசையாகக் கட்டில்கள், மருந்து கலக்கித் தரும் டிரஸ்ஸர். மீட்டர் கிடையாது. ஆனால் அங்கும் தண்ணீர் கொதித்தது, கருவிகள் வெந்தன, விளக்கு எரிந்தது, காற்று வீசியது. அதற்கான ஆற்றலுக்கு யாரோ விலை கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது பற்றி இன்று மலேசியாவில் நடக்கும் பேச்சு, கடந்த இருபது ஆண்டுகளில் முளைத்தது போலத் தோன்றலாம். உண்மையில் அது பழைய கணக்கின் தொடர்ச்சி. செலவு எப்போதும் இருந்தது. அதை யார் தலையில் எழுதுவது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தபோது ஊரே மலேரியாவில் படுத்துக் கிடந்தது. அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தின் நிலையும் அதுதான். இரண்டு ஊர்களிலும் சேர்த்து அந்த ஆண்டில் காய்ச்சலுக்கு மட்டும் 368 பேர் பலியானதாகப் பதிவு. சதுப்பை வெட்டி வடிகால் அமைத்தார்கள்; அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 59-க்கு இறங்கியது. வார்டுகளைப் பெருக்குவதற்குப் பதில், வார்டுக்கு வரும் கூட்டத்தையே குறைத்துக் காட்டினார் வாட்சன்.

தோட்டங்களில் அப்படி நடக்கவில்லை. பால்மரம் நடக் காடழித்த புதுத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்த காலம் அது. 1911-இல் மலாய் கூட்டு மாநிலத் தோட்டங்களில் தொழிலாளர்களின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது. 1912-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 1923-இல் வந்த அடுத்த வடிவமும், தோட்ட முதலாளியைச் சொந்தச் செலவில் மருத்துவமனை நடத்த வைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தன. பெரிய தோட்டங்கள் தனியாகக் கட்டிக்கொண்டன. சிறிய தோட்டங்கள் பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டன.

அந்தக் கட்டடங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தரை மண்ணில் படாது; செங்கல் தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும். வார்டு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், இரு பக்கமும் சன்னல் வரிசை, எதிரெதிராக. சன்னலுக்கு வெளியே அகன்ற தாழ்வாரம். வெயிலும் சாரலும் கட்டில்வரை வராமல் அது தடுத்துவிடும். கூரையின் உச்சியில் இன்னொரு சிறு கூரை தூக்கி வைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலேறி வெளியே போகும், கீழே சன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். இதை ஓட்டுவதற்கு எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. மழை பிடித்தால் சன்னலின் பலகைச் சட்டங்களைச் சாய்த்துவிட்டால் போதும்.

இந்த வடிவம் இங்கே பிறந்ததல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் மருத்துவமனைகள் பற்றி எழுதிய நூலில், நோயாளிகளைத் தனித்தனி நீள வார்டுகளில் வைத்து இரு பக்கமும் காற்று புகவிட வேண்டும் என்று வாதாடினார். நோய் பரவும் விதம் பற்றிய அவருடைய கருத்துகள் பிறகு பொய்த்தாலும் கட்டட வடிவம் பிழைத்தது. காலனி நாடுகளின் பொதுப்பணித் துறை அதை எடுத்துத் தாழ்வாரம் சேர்த்து, கூரையை உயர்த்தி வெப்பமண்டலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அரசு கட்டிய பழைய வார்டுகள் அந்த வழியில் வந்தவை. 1930-இல் சுங்கை பூலோவில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஒரே பெரிய கட்டடத்துக்குப் பதிலாகப் பள்ளத்தாக்கு முழுதும் சிறு வீடுகளாகப் பரவியது.

இதைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் எல்லாம் இலவசம்’ என்று ஏங்குவதற்கில்லை. காற்று அசையாத மதியங்களில் துரைமார் வீட்டிலும் அலுவலகத்திலும் பங்கா ஆட ஒரு கூலியாள் கயிற்றை இழுத்தான். தொழிலாளி வார்டுக்கு அந்தச் சலுகை அரிது. தண்ணீர் கொதிக்க விறகு வேண்டும். விறகை வெட்டியதும் சுமந்ததும் அடுப்பில் தள்ளியதும் தோட்டத்து ஆட்கள்தான். ஆஸ்பத்திரி ஆயாவும் தோட்டியும் தண்ணீர் தூக்குபவனும் செய்த வேலையை இன்றைக்குப் பம்பும் பாய்லரும் செய்கின்றன. அந்த உழைப்பு சம்பளப் பட்டியலில் சில டாலராக இருந்ததே தவிர, ஆற்றல் என்று எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சிலாங்கூருக்கு மின்சாரம் மருத்துவமனை வழியாக வரவில்லை. ஈயச் சுரங்கம் வழியாக வந்தது. 1894-இல் ரவாங்கில் தங்கள் சுரங்கத்தை இயக்க மின் ஆக்கி ஒன்றை நிறுவியவர்கள் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதல் பதிவு அதுதான். பத்துமலைத் தைப்பூசத்தோடும் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தோடும் மட்டுமே தம்புசாமி பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருக்கும் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. 1920களில் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பங்சாரில் மின் நிலையம் எழுந்தது. பத்து ஆராங் சுரங்கத்தின் நிலக்கரி, நகரத்து விளக்கும் விசிறியும் ஆனது.

தோட்டத்துக்கு மின்கம்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. மானேஜர் பங்களாவுக்கும் ஆலைக்கும் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும். தொழிலாளர் லயத்துக்கு மாலையில் சில மணி நேரம் வெளிச்சம் கிடைத்தாலே பெரிது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த டிரஸ்ஸர்களும், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசியை வேகவைத்த ஆயாக்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இருந்தார்கள்.

இங்கே சிக்கனம் என்ற சொல்லுக்கு வேறொரு முகம் இருந்தது. ரப்பர் விலை சரிந்தால் முதலில் வெட்டு விழும் இடங்களில் தோட்ட மருத்துவமனையும் ஒன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம், சம்பள உயர்வுக்கு மட்டும் எழுந்ததல்ல. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்ற கோரிக்கைகளுக்கு நடுவே, முறையான மருத்துவ வசதி கொடு என்பதும் இருந்தது. அரசு பட்டாளத்தை இறக்கியது, சுட்டது, நாதனை நாடு கடத்தியது. கொடுக்காமல் விட்டு மிச்சம் பிடித்த செலவு, அங்கே கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகத் திரும்பி வந்தது.

1953-இல் கிள்ளான் அருகே கன்னாட் பிரிட்ஜ் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின் நடுவே அது. சீனக் குடியேறிகளை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்த புதுக்கிராமங்களில் ஜெஞ்சாரோமும் ஒன்று. சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களையும் வேலிக்குள் ஒதுக்கினார்கள். ஆட்களை ஒரே இடத்தில் திரட்டியபின் சாலை, தண்ணீர், மின்கம்பி, அரசு மருத்துவ வசதி எல்லாம் மெதுவாகப் பின்னால் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் நகரத்துக்குப் பெயர்ந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரிகள் கிளினிக்காகச் சுருங்கின, பிறகு பூட்டப்பட்டன. நோயாளியோடு சேர்ந்து செலவும் அரசின் கணக்குக்கு மாறியது.

அரசு மருத்துவமனைகளில் கூரை விசிறிதான் முதல் மின்சாரச் சொகுசு. பழைய மருத்துவமனைகளின் மூன்றாம் வகுப்பு வார்டுகளில் இன்றும் அதுதான் சுழல்கிறது. ஏர்கோன் முதல் வகுப்புக்கும் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும். ஆனால் 1960களுக்குப் பின் கட்டியவை வேறு ரகம். நகரத்தில் நிலம் விலை ஏறியதும் வார்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மாடிகள் தடித்தன, நடுவில் இருக்கும் அறைகளுக்குச் சன்னலே இல்லாமல் போயிற்று. ஸ்கேன் இயந்திரம், ஆய்வுக்கூடம், கணினி எல்லாம் குளிர்ச்சியைக் கேட்டன. 1999-இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட செலாயாங்கும், அதன்பின் வந்த செர்டாங், அம்பாங், சுங்கை பூலோ போன்றவையும் இந்தப் புதுத் தலைமுறையைச் சேர்ந்தவை. தாழ்வாரமும் இரட்டைக் கூரையும் செய்த வேலை, கீழ்த்தளத்தில் உறுமும் சில்லர் இயந்திரங்களின் கைக்குப் போனது. இப்படிப்பட்ட கட்டடங்களின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு குளிரூட்டலுக்குத்தான்.

பொறியாளர்களுக்கு உண்மையான தலைவலி வெப்பமல்ல, ஈரம். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றிலிருந்து நீரைப் பிரிக்க, அந்தக் காற்றை ஏறக்குறைய 12, 13 டிகிரிவரை குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அப்படியே அறைக்குள் விட்டால் விறைத்துவிடும் என்பதால், பல இடங்களில் குளிர்ந்த காற்றை மறுபடி மின்சாரத்தால் சூடாக்கி அனுப்புகிறார்கள். ஒரே காற்றுக்கு இரண்டு முறை பணம்! சில்லர் வெளியே தள்ளும் வெப்பத்தையே பிடித்து இந்த இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்த முடியும். அதற்கான குழாய் அமைப்பைக் கட்டும்போதே போட்டிருக்க வேண்டும்.

ஈரத்தைச் சரியாகக் கவனிக்காமல் குளிரை மட்டும் கூட்டினால் வேறு வம்பு வரும். குளிர்ந்த சுவரிலும் குழாயிலும், மைலோ ஐஸ் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல நீர் கோத்துக்கொள்ளும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். 2004-இல் ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை திறந்த சிறிது காலத்திலேயே பூஞ்சணத்தால் நாடெங்கும் செய்தியானது. அதற்குப் பிறகு மருத்துவமனைக் குளிரூட்டல் என்றாலே சுகாதார அமைச்சின் பொறியாளர்கள் ஈரப்பத அளவை முதலில் கேட்கத் தொடங்கினார்கள் என்றால் வியப்பில்லை.

இவ்வளவு செலவாகியும் அதைக் குறைக்க ஏன் யாரும் அவசரப்படவில்லை? மின்கட்டணம் கட்டுபவரும் சுவிட்சைத் தொடுபவரும் வேறு வேறு ஆட்கள் என்பது முதல் காரணம். வார்டில் இருக்கும் தாதிக்குப் பில் தெரியாது. பில் பார்க்கும் நிர்வாகிக்கு வார்டில் 18 டிகிரி ஓடுவது தெரியாது. 1997 தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளின் பராமரிப்பு, துப்புரவு, சலவை, மருத்துவக் கருவி, கழிவு ஆகிய ஐந்து சேவைகளும் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் மூன்று தனியார் நிறுவனங்களிடம் போயின. இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் மையம். ஓடும் இயந்திரம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது தனிக் கேள்வி. இரண்டாவது காரணம் விலை. அந்தக் காலத்தில் உள்நாட்டு எரிவாயு மானிய விலையில் மின் நிலையங்களுக்குப் போனது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது சிக்கனத்துக்குக் குரல் கொடுப்பவர் கொஞ்சம்தான்.

மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 2001-இல் வெளியான எம்எஸ் 1525 தரநிலை, வீடு அல்லாத கட்டடங்களில் ஆற்றலை எப்படிச் சேமிப்பது என்று வழிகாட்டியது. 2008-இன் மின் ஆற்றல் திறன் மேலாண்மை விதிகள் அதைவிடக் கறாரானவை. தொடர்ச்சியான ஆறு மாதங்களில் 3 மில்லியன் யூனிட்டோ அதற்கு மேலோ பயன்படுத்தும் இடம், மருத்துவமனையானாலும் தொழிற்சாலையானாலும், பதிவு பெற்ற மின் ஆற்றல் மேலாளரை நியமித்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. பெரிய மருத்துவமனைகள் இந்த வலைக்குள் விழுந்தன. மின்சாரத்துக்கென்று பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் வார்டுகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். 2011-இல் அரசு அலுவலகங்களின் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்ற உத்தரவு வந்தது. 2015-இல் புதுப்பித்த மருத்துவமனைச் சேவை ஒப்பந்தங்களில் ஆற்றல் மேலாண்மை, உட்புறக் காற்றின் தரம், மறுசுழற்சி ஆகியவையும் வேலைப் பட்டியலில் ஏறின. ஆசியான் ஆற்றல் மேலாண்மைத் திட்டத்தின் நட்சத்திரச் சான்றிதழைப் பல அரசு மருத்துவமனைகள் வாங்கின.

அந்த வேலை நடக்கும் இடம் நோயாளிகள் கண்ணில் படாதது. மாடிக்கு மாடி ஒரு சிறு அறை, பூட்டிய கதவு, உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. வார்டுக்குக் காற்று தள்ளும் விசிறி அதற்குள் இருக்கிறது. தொழில்நுட்பர் பெட்டியைத் திறந்ததும் முதலில் வடிகட்டியை இழுத்துப் பார்ப்பார். தூசு அடைத்திருந்தால் விசிறி அதே காற்றைத் தள்ளக் கூடுதலாக மல்லுக்கட்டும். அடுத்து பெல்ட் தளர்ந்திருக்கிறதா, குளிர்நீர்க் குழாயில் உறை கிழிந்து நீர் சொட்டுகிறதா, நீர் வடியும் தட்டில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருந்தால் மிச்சம் பெரிது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 36 வாட் குழல் விளக்கை எடுத்து 18 வாட் எல்இடி போடுவது இதைவிட எளிது. பெரும்பாலான மருத்துவமனைகள் அங்கிருந்துதான் தொடங்கின.

ஆனால் மருத்துவமனையில் எல்லாக் காற்றையும் குறைத்துவிட முடியாது. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும் என்கிறது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலை. வெளிக்கிருமி நுழையாதபடி உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். கூடம் காலியாக இருக்கும் இரவில் அழுத்தம் கெடாமல் விசிறியை மெதுவாக ஓட்டலாம். அதைச் செய்யப் பொறியாளர், அறுவை மருத்துவர், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு மூவரும் ஒத்துவர வேண்டும்.

பழைய வார்டின் மதிப்பு மறுபடி பேசப்பட்டது தொற்றுநோய்களால். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சன்னலையும் கதவையும் திறந்து வைத்தால் மணிக்கு 28 முறை காற்று மாறுவதாகவும், இயந்திரம் வைத்த தனிமை அறைகளில் 12 முறையே மாறுவதாகவும் கண்டது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட கட்டடங்களில் அது 40 முறை. புதிய கட்டடங்களில் 17. இரண்டு ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனைகளில் இயற்கைக் காற்றோட்டம் பற்றித் தனி வழிகாட்டியே வெளியிட்டது. லிமாவின் காற்று கிள்ளானின் காற்றல்ல, வீச்சு குறைந்த நாள்களில் இந்தக் கணக்கு இங்கே பலிக்காது என்பது உண்மை. ஆனாலும் 2021 ஜூலையில் கோவிட் நோயாளிகளால் கிள்ளான் மருத்துவமனை நிரம்பி வழிந்தபோது, ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும் மூடிய அறை ஆபத்தானது என்பது பொதுமக்களுக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது.

அதற்குள் மின்சாரமும் மலிவாக இல்லை. 2023 தொடக்கத்தில் நடுத்தர, உயர் அழுத்த இணைப்புகள் கொண்ட வணிக, தொழில்துறைப் பயனீட்டாளர்களுக்கு யூனிட்டுக்கு 20 சென் கூடுதல் கட்டணம் விழுந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 6 மில்லியன் யூனிட்டுக்குச் சமமான ஆற்றலைச் செலவிடும் எந்த இடமும் இனி ஆற்றல் மேலாளரை நியமிக்க வேண்டும், ஆற்றல் தணிக்கை செய்ய வேண்டும். மின்சாரத்தோடு எரிவாயு போன்ற மற்ற எரிபொருள்களும் இப்போது கணக்கில் சேர்கின்றன; பாய்லர் எரிக்கும் எரிபொருளும் ஏட்டில் ஏறியாயிற்று.

மாதத்துக்குச் சராசரி ஐந்து லட்சம் யூனிட் என்ற அந்த வரம்பு பெரிய மருத்துவமனைகளைக் குறிவைத்தது. கிராமப்புறக் கிளினிக்குகள் அதற்குப் பல மடங்கு கீழே இருக்கின்றன. பந்திங், மோரிப், கேரித் தீவுப் பக்கத்து மக்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் போய் நிற்பது அப்படிப்பட்ட இடங்களில்தான். அங்கே ஒரு மாடிதான். கூரையில் சூரியத் தகடு போட இடம் இருக்கிறது, எதிரெதிர்ச் சன்னலைத் திறந்து வைக்கவும் வழி இருக்கிறது. தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் மாலையில் அணைத்துவிடலாம். ஆனால் அவற்றுக்கு ஆற்றல் மேலாளரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.